வெள்ளைக்குக் கீழே சிவப்பு

கட்டைவிரல் பட்ட இடத்தில் வெள்ளை பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே சிவப்பு.

மாரிச்செல்வம் அப்படியே நின்றுவிட்டான். சார்ஜர் வாங்கத்தான் சுந்தரராஜின் செல்போன் கடைக்கு வந்திருந்தான். உள்ளறை அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடந்த ரிமோட் பிளேனைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை, இறக்கிப் பார்த்தான்.

“யாருதுலே இது?”

டீ வாங்கிக்கொண்டு வந்த சுந்தரராஜ் வாசலிலேயே நின்றான். முகம் வெளிறிவிட்டது. “அது... தென்காசிப் பார்ட்டி ஒருத்தர் சர்வீசுக்குக் குடுத்தது. வச்சிரு மக்கா.”

மாரிச்செல்வம் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரித்தான். இடது இறக்கையின் ஓரத்தில், சிவப்பு பிலிமில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பொசுங்கல். இஸ்திரிப் பெட்டியில் சூடு கூடிப்போய் அவன் கையாலேயே விழுந்தது அது.

விசைத்தறி மெக்கானிக் வேலை முடிந்து வந்து, தினமும் உட்கார்ந்து, நான்கு மாதத்தில் அவன் செய்த பிளேன். பால்சா என்ற லேசான மரத்தை அறுத்துக் கூடு கட்டி, மேலே அந்தச் சிவப்பு பிலிமை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தான். போன வருடம் தை மாதம், அவன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பனவடலிசத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கரிசல் தரிசில் இருவரும் பறக்கவிட்டார்கள். திடீரென்று சிக்னல் அறுந்தது. பிளேன் சொன்ன பேச்சுக் கேட்காமல் தெற்கே போய், புள்ளியாகி, மறைந்தே போனது.

பைக்கை எடுத்துக்கொண்டு தேடப் போனவன் சுந்தரராஜ்தான். இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். “கெடைக்கலலே. இனி தேடாத, கல்யாண வேலயப் பாரு” என்றான். அன்றைக்கு அவன் முகம் பார்க்காமலே பேசியது இப்போதுதான் உறைத்தது.

“பிலிம் மேல பெயிண்ட் நிக்காது, மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதானலே. அதச் செய்யக்கூடப் பொறுக்கலயோ? களவாண்டத மறைக்க அம்புட்டு அவசரம்!”

சுந்தரராஜ் ஷட்டரைப் பாதி இறக்கினான். “மெதுவாப் பேசு. வெளிய ஆளு நிக்கி.”

“நிக்கட்டும்! வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்லா?”

“தூரப் போடத்தான் நெனச்சேன். நீ செஞ்சதாச்சேன்னு மனசு வரல.”

கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் இவன். பெண்ணழைப்புக்குக் கார் ஓட்டியவன் இவன். கூடப் பிறந்தவனுக்கும் மேல என்று மாரிச்செல்வம் தன் மனைவி கனகலட்சுமியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! சிரித்துச் சிரித்துப் பரிமாறிய அந்த நாளிலும் பிளேன் இந்தக் கடைக்குள்தான் கிடந்திருக்கிறது. இவன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று மாரிச்செல்வம் பிளேனைத் தூக்கிக்கொண்டு ரத வீதியில் இறங்கி நடந்தான்.

“எங்கலே போற?”

“ஸ்டேசனுக்கு.”

கடையைப் பூட்டாமலே ஓடிவந்து சுந்தரராஜ் அவன் கையைப் பிடித்தான். “மாரி, கால்ல வேணாலும் விழுதேன். அங்கன போவாத. என்னயக் கள்ளன்னு ஊரு பூராச் சொல்லு, கேட்டுக்கிடுதேன். அத உன் பிளேன்னு மட்டும் சொல்லாத.”

“நான் செஞ்சத என்னுதுன்னு சொல்லக் கூடாதோ? இன்னமும் ஆச விடலயோ ஒனக்கு?”

கையை உதறிவிட்டுப் போனான். சுந்தரராஜ் பின்னாலேயே வந்தான்.

எஸ்.ஐ. நிர்மலாதேவி பிளேனை மேசை மேல் வாங்கி வைத்து, உரிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு சுந்தரராஜைப் பார்த்தார்.

“இது உங்களுதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன மேடம்? ஒவ்வொரு குச்சியும் நான் அறுத்தது.”

“எப்பத் தொலஞ்சுது?”

“போன வருசம் தை மாசம் பத்தாம் தேதி. என் கல்யாணத்துக்குச் சரியாப் பத்து நாள் முன்ன. சாயங்காலம் நாலு மணி இருக்கும்.”

“ரிமோட்டு யார் கையில இருந்துச்சு?”

“என் கையிலதான். இவன் தொடவே இல்ல. வேணும்னா எழுதித் தாரேன் மேடம்.”

எழுதினான். எங்கே பறக்கவிட்டது, எந்தத் திசையில் போனது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சுவரோரம் தலைகுனிந்து நின்ற சுந்தரராஜைத் திரும்பிப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

தாளை ஒருமுறை படித்த எஸ்.ஐ., ஏட்டய்யாவிடம் பழைய கோப்பு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பிரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அதே தேதி, அதே நேரம். காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டிருந்த பேச்சித்தாய்ங்கிற அம்மா முகத்துல, வானத்துலேர்ந்து செவப்பா ஒன்னு வந்து அடிச்சிருக்கு. ஒரு கண்ணு போயிட்டு. விழுந்தத எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். அத விட்டவன ஒரு வருசமாத் தேடுதோம். இவரு கடைக்கும் வந்து பார்த்தோம். அங்கன வெள்ளை பிளேன்தான் இருந்துச்சு.”

மாரிச்செல்வம் சுந்தரராஜின் பக்கம் மெல்லத் திரும்பினான்.

தலையை நிமிர்த்தாமலே சுந்தரராஜ் சொன்னான்.

“அதுக்குத்தாம்லே பெயிண்ட் அடிச்சேன்.”