மாடிக்குக் கிடையாது

ஒரு வீட்டில், கீழே ஒரு அண்ணனும் மேலே ஒரு தம்பியும் இருந்தார்களாம். நடுவே ஒரு மாடிப்படி இருந்ததாம். அந்தப் படி பேசினால்தான் உண்டு. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லையாம்.

எல்லாம் பாகப்பிரிவினையில் வந்த சண்டை.

தெருவில் யார் போனைத் திறந்தாலும் அண்ணன் வீட்டு வைஃபையின் பெயர்தான் முதலில் கண்ணில் படும்: ‘மாடிக்குக் கிடையாது.’

அண்ணன் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த மருமகளுக்கு இது மானக்கேடாக இருந்தது. வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று அவள் கிளப்பியதே அதற்குத்தான். புதுப் பெட்டி, புதுப் பெயர்.

இன்று காலை பழைய மோடத்தின் விளக்கு அணைந்தது. கம்பெனிக்காரர் அதைக் கழற்றி, ஒயரைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "புதுசு வேலை செய்யுதான்னு பாத்துட்டே போறேன்" என்று முக்காலியில் உட்கார்ந்தார்.

மருமகள் புது ரூட்டரை மாட்டிவிட்டுப் போனைத் தட்டினாள்.

"பேர் கேக்குது மாமா. நல்லதா ஒண்ணு வெச்சுடலாமா?"

"பழைய பேரு."

"வேண்டாம் மாமா. மேல சின்ன அத்தை படுத்த படுக்கையா கிடக்காங்க. சின்ன மாமா துணிக்கடையில நின்னுக்கிட்டு, கட்டிலுக்கு மேல வெச்ச கேமராவைத்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை போன்ல பாத்துக்கறார். அந்தக் கேமரா இல்லேன்னா அவரால வேலைக்கே போக முடியாது. அப்படி இருக்கறவர் கண்ணுல தினம் இது படணுமா?"

"படணும்னுதான் வெச்சிருக்கு."

கம்பெனிக்காரர் சிரித்தார். "நாய் ஜாக்கிரதைன்னு போர்டு வெச்ச மாதிரி இருக்கு சார். நாயைத்தான் காணோம்."

"ஏன், நான் உக்காந்திருக்கேனே" என்றார் மாமனார். "பாஸ்வேர்டும் அதேதாம்மா. ஓரெழுத்து மாறக் கூடாது."

"அது நல்லதுதான் மேடம்" என்றார் கம்பெனிக்காரர். "பேரும் பாஸ்வேர்டும் அதேன்னா, பெட்டி மாறினதே டிவி, போன் எதுக்கும் தெரியாது. எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பெயரை அடித்தாள். மனுஷனுக்கு இவ்வளவு வன்மம் ஆகுமா?

"சீக்கிரம்மா" என்றார் மாமனார். பார்வை மாடிப்படியிலேயே இருந்தது.

படியில் தம்பி நின்றிருந்தார். செருப்பு மாட்டியாகிவிட்டது, கிளம்பத்தான் இல்லை. போனைத் தட்டுவதும் மேலே திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

"இவர் என்னடான்னா கடைக்குப் போகாம நம்மளை வேவு பாக்கறார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு" என்று முணுமுணுத்தாள்.

ரூட்டரில் சிவப்பு விளக்கு மின்னியது. கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று வெள்ளையானது.

"ஜம்முனு வந்துடுச்சு" என்று பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்காரர் கிளம்பினார்.

அவள் போனில் ஒரு பட்டியல் விரிந்தது. முதலில் டிவி வந்தது. மாமனார் போன் வந்தது. அவளுடைய லேப்டாப் வந்தது. இருட்டியதும் அம்மா ஒரு குரல் கொடுக்க, தெருவில் விளையாடும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வருமே, அப்படி. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கோபத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக இன்னொன்று வந்தது. ‘கேமரா.’

"நம்ம வீட்டுல ஏது மாமா கேமரா?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

அவள் மெல்ல நிமிர்ந்து மேற்கூரையைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலேதான் சின்ன அத்தையின் கட்டில்.

"பாஸ்வேர்டை யார் கொடுத்தா?" என்றாள், குரலே வராமல்.

"யாரும் கொடுக்கல. அவ படுக்கையில விழுந்த புதுசுல, ஒருநாள் மாடிப்படிக்குக் கீழ நின்னு போன்ல ஒவ்வொரு எழுத்தா உரக்கச் சொன்னேன். அவன் மேல துணி காயப்போட்டுக்கிட்டிருந்தான்."

"போன்ல யாரு மாமா?"

"யாருமில்ல."

தினமும் தான் காபி கொடுத்துவந்த மனிதரை இன்றுதான் பார்க்கிறவள் போல அவள் நின்றாள்.

"நேராவே கொடுத்திருக்கலாமே. இந்தப் பேரு எதுக்கு?"

படியில் தம்பியின் போன் வெளிச்சமானது. கட்டிலைப் பார்த்துவிட்டார் போல, தோள் இறங்கியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதட்டோரம் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு. கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தார்.

"கொடுத்தா தொட மாட்டான்ம்மா. கிடையாதுன்னு சொன்னாத்தான் எடுத்துக்குவான்" என்றார் மாமனார், தம்பி போன திசையையே பார்த்தபடி. "அண்ணன்கிட்ட திருடறதா நினைச்சுக்கிட்டு, எவ்வளவு நிமிர்ந்து நடந்து போறான் பாரு."