எலிவாலுக்குச் சொன்னது

எஞ்சினைக் குறை எண்டு என்ர படகு முதலாளி பார்த்தொலோ அண்ணை கையால காட்டினார், அக்கா.

குறைச்சுப்போட்டுத்தான் நிமிந்து பாத்தன். முன்னுக்கு, மேகத்திலயிருந்து ஒரு வால் இறங்கிக்கொண்டிருந்தது.

மெல்லிய வால். சாம்பல் நிறம். அவசரமே இல்லாம, ஆரோ மேலயிருந்து நூல் விடுற மாதிரி.

கீழ கடல் அதைப் பாத்து எழும்புது. ரெண்டும் தொட்ட இடத்தில தண்ணி வெள்ளையாப் புகைஞ்சுது.

இஞ்சத்த ஆக்கள் இந்தச் சுழல்காத்துக்கு எலிவால் எண்டு சொல்லுறவை. படகை அப்பிடியே சுத்தித் தூக்கிக்கொண்டு போயிடும்.

ஆனா வடிவாயும் இருந்தது. பாத்துக்கொண்டே நிக்கலாம் போல. சலீனாத் தீவு பின்னுக்கு ரெண்டு மலையா மிதக்குது, அண்ணையின்ர பிலிக்கூடித் தீவு முன்னுக்கு நீலமா மிதக்குது, நடுவில நாங்கள் மூண்டு பேர். எங்கயோ தூரத்தில ஸ்ட்ரொம்போலி எரிமலை தன்ர பாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தது.

மூண்டாவது ஆள் நுன்சியா மாமி. அண்ணை கட்டப்போற சந்தீனாவின்ர அம்மா. மாப்பிள்ளை வீட்டைப் பாக்கவெண்டு மடியில பலகாரத் தட்டோட வாறா. பிலிக்கூடியை ஒவ்வொரு நாளும் சலீனாவில தன்ர குசினி யன்னலால பாக்கிறவ, ஒருநாளும் போனதில்லை.

வெளிக்கிட்டதிலயிருந்து ஒரே நக்கல்தான். "உங்கட தீவில ரோட்டு இருக்கோ, இல்லாட்டி ஆட்டுக்குப் பின்னால நடக்கிறதோ?"

"ஒரு ரோட்டு இருக்கு மாமி. ஆடும் அதிலதான் வாறது," எண்டார் அண்ணை.

இப்ப நக்கல் இல்லை. மாமி வாலைப் பாத்தா, பேந்து அண்ணையைப் பாத்தா. "வெட்டு," எண்டா.

எலிவாலைக் கலைக்கிறதெண்டாக் கத்தியால காத்திலதான் வெட்டுறது. வெட்டேக்க ஒரு வார்த்தை சொல்லவேணும். அந்த வார்த்தை நத்தார் இரவில, யேசு பிறந்த அண்டைக்கு மட்டும் ஒரு வாயிலயிருந்து ஒரு காதுக்குப் போகும். வேற நாளில சொல்லிக் குடுத்தாப் பலிக்காது.

அண்ணையின்ர அப்பா இந்தத் தீவுகள் முழுக்கப் பேர்போன வெட்டுக்காரர். மாமியின்ர புருஷனைக் கொண்டுபோனது எலிவால்தான். மகளைக் குடுக்க மாமி ஓமெண்டதே அந்தப் பேருக்காகத்தான். இந்த வீட்டுப் படகில ஏறினா மகள் திரும்பி வருவாள் எண்டு நம்பிக்கை.

அண்ணை கறுப்புப் பிடி வச்ச கத்தியை எடுத்துக்கொண்டு படகின்ர முன்பக்க அணியத்தில ஏறி நிண்டார்.

மாமி சால்வையால முகத்தை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடத் தொடங்கினா, பெரிய சத்தமா.

கத்தி உயர நிண்டது. வெட்டேல்லை.

சுக்கானை விட்டிட்டுக் கிட்டப் போனன்.

அண்ணை திரும்பாமலே சொன்னார், "எனக்கு அந்த வார்த்தை தெரியாது தம்பி. ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்டன், அடுத்த வருசம் எண்டார் அப்பா. போன கார்த்திகையில செத்துப்போனார்."

வால் எங்கட பக்கமா வளைஞ்சுது. தண்டவாளத்தில கோச்சி வாற மாதிரி இரைச்சல்.

"நீ ஏதாவது சொல்லடா. உங்கட பாசையில. நான் வெட்டுறன்."

தேவாரம் ஒண்டும் வரேல்லை, அக்கா. ஒரு வரிகூட வரேல்லை. வாயில வேற ஒண்டு தானா வந்தது. அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னன். அண்ணை என்ர வாயைப் பாத்துப் பாத்து வெட்டினார்.

வால் நடுவில மெலிஞ்சுது.

மேல்பாதி மேகத்துக்கச் சுருண்டு போனது. கீழ்ப்பாதி எங்க போறதெண்டு தெரியாத மாதிரிக் கொஞ்ச நேரம் தனிய நிண்டது. பேந்து அதுவும் இல்லை.

மழை பெய்தது. உதட்டை நக்கிப் பாத்தன், உப்பே இல்லை.

மாமி சால்வையை எடுத்தா. தட்டின்ர ரிப்பனை அவிட்டு, முதல் துண்டை அண்ணைக்குத் தீத்தினா. "உன்ர அப்பா எண்டா இவ்வளவு நேரத்துக்கு வெட்டி முடிச்சுப் பலகாரமும் திண்டிருப்பார்," எண்டா. அழுதுகொண்டுதான் சொன்னவ.

கலியாணம் மாசியில எண்டு படகிலயே நாள் வச்சாச்சு.

துறையில கயிறு கட்டேக்க அண்ணை என்ர காதுக்கச் சொன்னார். வாற நத்தார் இரவு அந்த வார்த்தையைத் தனக்குச் சொல்லித் தரவேணுமாம். அதுக்கு முதல் ஒருத்தரிட்டயும் வாய் திறக்கக்கூடாதாம். முகத்தைப் பாத்தன். பகிடி இல்லை.

அதுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை. மாசிக்குப் பிறகு சந்தீனா அந்தப் படகிலதான் போய்வரப்போறாள். அரைகுறையாச் சொல்லிக் குடுக்க ஏலாது.

உனக்குச் சொன்னாப் பிழையில்லை, உனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான். அம்மா போனில சொல்லுறதைத்தான் சொன்னன். சாப்பிட்டியோ, பனியில நிக்காத, இருட்ட முதல் வீட்ட போயிடு.

அவ்வளவுதான் எனக்குப் பாடம். அதுக்குப் பிறகும் அம்மா ஏதோ சொல்லுறவ. அதுக்குள்ள நான் போனை வச்சிடுவன்.

மிச்சத்தை நீ அம்மாட்டக் கேட்டு எனக்குச் சொல்லிப்போடாத, அக்கா. நத்தார் இரவு நானே போன் எடுக்கிறன். அம்மாவை அண்டைக்கு முழிச்சிருக்கச் சொல்லு.