விழுந்தால் ஒன்றும் ஆகாது

விற்பனைக்காரர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கி என் காலடியில் போட்டார்.

மேஜை மேலிருந்த தேநீர்க் கோப்பைகளும், கழற்றி வைத்திருந்த அதன் கீபோர்டும் நடுங்கின. மேலாளர் கைதட்டினார்.

நான் குனிந்து இரண்டு கைகளாலும் எடுத்தேன்.

"என்ன சார், பச்சக் கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கறீங்க? ஓங்கிப் போடுங்க. விழுந்தா ஒண்ணும் ஆகாது. மலையிலேர்ந்து உருட்டிவிட்டாலும் எழுந்து உக்காந்துக்கும்."

அதன் மேல் ஈரம். அவருடைய வியர்வையா, சற்று முன் ஊற்றிக் காட்டிய தண்ணீரா தெரியவில்லை. கைக்குட்டையில் துடைத்தேன். விரலிடுக்கில் அது போகாமலே இருந்தது.

மேலாளர் பிஸ்கட்டை மென்றபடி திரையின் மேல் குனிந்தார். தூள் உதிர்ந்தது. "தூசியும் உள்ள போகாதாமே," என்று தானே சொல்லித் தானே சிரித்தார். ஈறு வரை தெரிந்தது.



உயரமான தண்ணீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது எங்கள் வேலை. ஆட்கள் ஏணியில் ஏறி, நீர் மட்டத்தைப் பார்த்து, காதில் செருகிய பென்சிலால் குறித்துக்கொண்டு இறங்குவார்கள். இனிமேல் மேலேயே நின்று இதில் தட்டி அனுப்ப வேண்டுமாம். மொத்தமாக வாங்கலாமா என்று மதிப்பீடு எழுத வேண்டியவன் நான்.

அவர் போட்டுக் காட்டியது புதியதல்ல. பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி ஆட்களிடம் கொடுத்து, திரும்பி வந்தது.

கொடுத்தது மேலாளர்தான். "உசுரு மாதிரி பாத்துக்கணும். ஒரு கீறல் விழுந்துச்சு, தொலைச்சிடுவேன்."

வாங்கிக்கொண்டவன் ஒட்டடைக்கம்பு. நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "புது மாமியார் வந்திருக்காங்க சார். கீழ வைக்கவும் முடியல, தூக்கிக்கிட்டு ஏறவும் முடியல," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

போன வாரம் தொட்டி உச்சியிலிருந்து விழுந்தான். மருத்துவமனை வரைகூடத் தாங்கவில்லை.

டேப்லெட் தாங்கியது.

மேலாளர் அதைச் சொன்னதும் விற்பனைக்காரரின் முகம் மலர்ந்தது.

"அவ்வளவு ஒசரத்துலேர்ந்தா? இதே பீஸா? ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்."

திரையில் வாயால் ஊதி, சட்டைக் கையால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கீபோர்டை எடுத்து மாட்டினார். கீபோர்டின் ஓரத்தில், இரண்டு பித்தான்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. "துரு பிடிக்காதே இது," என்று முணுமுணுத்தபடி நகத்தால் சுரண்டினார். நகத்தைப் பேண்டில் துடைத்துக்கொண்டு படம் எடுத்தார்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீழே வாசல் பெஞ்சில் ஒட்டடைக்கம்பின் மனைவி. காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். நான் உள்ளே வரும்போது நிறுத்தினாள். அவளிடம் இருந்தது ஒரே கேள்விதான்.

"சின்ன வயசுலேர்ந்து ஏறுறாருண்ணா. ஏணியில கைய விட்டதே இல்ல. அன்னிக்கு மட்டும் ஏன் விட்டாரு?"

மேலாளரிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. கருவி எல்லாச் சோதனையிலும் தேறியது. விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு. மதிப்பீட்டின் கடைசி வரியாக அதை அவரே இதே டேப்லெட்டில் தட்டி வைத்துவிட்டார். கீழே என் கையெழுத்து மட்டும் பாக்கி. அப்புறம் அவளை மேலே கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்கள்.



"இன்னும் ஒண்ணு காட்டலியே," என்று விற்பனைக்காரர் டேப்லெட்டை எடுத்து மேஜை விளிம்பில் லேசாக இடித்தார்.

கீபோர்டு பல்லி வாலைப் போலத் துண்டாகிக் கழன்று விழுந்தது.

என் கை தானாகப் பாய்ந்தது. பிடிக்க முடியவில்லை. மேஜையில் முட்டியை இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இருவரும் சிரித்தார்கள்.

"விடுங்க சார், விடுங்க! லேசா இடிச்சாலே கழண்டுக்கும். அடி திரைக்குப் போகக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கோம். எல்லாரும் இப்படித்தான் பாஞ்சு புடிக்க வர்றாங்க."

முட்டியைத் தேய்த்துக்கொண்டே, பாய்ந்த என் கையைப் பார்த்தேன். 

தொட்டி உச்சியில் ஒட்டடைக்கம்புக்கு ஒரு கையில் திரை. மறு கையில் ஏணிப்படி.

பிறகு கீபோர்டைத் தரையிலிருந்து எடுத்து மாட்டினேன். சொடுக்குப் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. பித்தான்களைத் தொடவே விரல் கூசியது. தொட்டேன். "கவனக்குறைவு" என்ற வரியை எழுத்து எழுத்தாக அழித்தேன்.

"என்ன சார் பண்றீங்க?" மேலாளர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பிஸ்கட் வாடை அடித்தது. "கீபோர்டுக்கு எதுவுமே போடலியே. அதுவும் தொட்டியிலேர்ந்து விழுந்து தாங்கிச்சுன்னு போடுங்க."

விழுந்து கிடந்தவனைத் தூக்கிய காவலாளி என்னிடம் சொல்லியிருந்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. வலது கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்தானாம். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் உள்ளே இருந்ததை எடுக்க முடிந்ததாம்.

தட்டினேன்.

"கீபோர்டு கீழே விழவில்லை. பிடித்துவிட்டார்."