பக்கம் நாற்பத்தொன்று

ஆர்டிஸ் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கறுப்புச் சீசாவை எடுத்தாள். முன்னறையில் புருஷன் ஓர்வில் டிவி முன்னால்தான் இருக்கிறானா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கை நடுங்காமல் இரண்டு கரண்டி அளந்து, அடித்து வைத்திருந்த முட்டைப் பாலில் ஊற்றினாள்.

“நாளைக்கு இருக்கு,” என்று முணுமுணுத்தாள்.

விஷமெல்லாம் இல்லை. அவளுடைய தொழில் ரகசியம். கண்ணாடித் தட்டில் நெருக்கியடித்துக் கிடந்த காய்ந்த ரொட்டித் துண்டுகள் மேல் அந்தப் பாலை ஊற்றி, பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, பிரிட்ஜுக்குள் தள்ளினாள். ராத்திரி முழுக்க ஊறிக் காலையில் முக்கால் மணி நேரம் ஓவனில் வெந்தால் ஊர்ச் சர்ச்சின் ஈஸ்டர் விருந்துக்குப் பிரெஞ்சு டோஸ்ட் தயார்.

பத்தொன்பது வருடமாக அந்தச் சர்ச்சில் அவள் தட்டுக்குத்தான் நடு மேசை. ஒரு வாய் வைத்தவர்கள் அவசரமாக ஒரு மிடறு காப்பி குடித்துவிட்டு, “வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்,” என்பார்கள். அமெரிக்காவின் இந்த மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் வாய் விட்டுப் புகழ மாட்டார்கள். அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு மனசு குளிர்ந்து, அடுத்த ஈஸ்டர் வரை தாங்கும்.

போன வருடம் சர்ச் பெண்கள் சேர்ந்து சமையல் புத்தகம் போட்டார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஆர்டிஸின் டோஸ்ட், கொட்டை எழுத்தில் பேரோடு. அந்தப் புத்தகத்தில் ஏழு பிரதி வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கிறாள்.

ஈஸ்டர் காலையில் தட்டோடு சர்ச்சின் கீழ்க்கூடத்துக்கு இறங்கினவள் அப்படியே நின்றாள். நடு மேசையில் இன்னொரு டோஸ்ட் இருந்தது. பக்கத்தில் ஜோலீன், ஊருக்குப் புதுசு, பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறவள்.

“உங்களோடதுதாங்க, பக்கம் நாற்பத்தொண்ணு,” என்றாள் ஜோலீன். “நீங்களும் இதையே கொண்டு வருவீங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா கேக் எதாவது வாங்கிட்டு வந்திருப்பேன்.”

“பரவாயில்ல கண்ணு. நீயும் வேற எங்கதான் சமைச்சுப் பழகுவே?” என்று சிரித்தாள் ஆர்டிஸ். சிரித்துக்கொண்டே ஜோலீனின் தட்டை இரண்டு விரலால் மேசைக் கோடிக்கு, ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தள்ளிவிட்டுத் தன் தட்டை நடுவில் வைத்தாள்.

ஜெபம் முடிந்ததும் கூட்டம் வந்தது. வந்த கூட்டம் ஊறுகாய்ப் பக்கமே வரிசை கட்டி நின்றது. பாஸ்டர் இரண்டாம் தடவை வந்தார். ஓர்வில் மூன்றாம் தடவை போனான். வருடா வருடம் ஈஸ்டர் அன்று வயிறு சரியில்லை என்று ஓட்ஸ் கஞ்சி குடிக்கிற மனுஷன் அவன்.

கால் மணி நேரத்தில் ஜோலீனின் தட்டை வழித்து எடுத்துவிட்டார்கள். ஆர்டிஸின் தட்டில் ஒரு மூலை மட்டும், தீப்பெட்டி அளவுக்கு, குறைந்திருந்தது. நல்லதைக் கடைசியில் சாப்பிட வைத்திருக்கிறார்கள் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

விருந்துக் குழுத் தலைவி வெர்னா, நாற்பது வருடச் சிநேகிதி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏண்டி ஆர்டிஸ், ஜூன்ல பிஷப் வர்றாரே, சர்ச்சோட நூறாவது வருஷ விருந்து...”

“அதுக்குன்னு புதுத் தட்டே வாங்கிட்டேன்.”

“அதில்லடி. உனக்கும் முட்டி வலி...”

“முட்டியாலயா நான் ரொட்டி ஊற வைக்கிறேன்?”

வெர்னா காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்தபடி பேசினாள். “இந்தத் தடவை ஜோலீன் செய்யட்டும்னு குழுவுல எல்லாரும் நினைக்கிறாங்க. உன் குறிப்புதானே? பேர் உனக்குத்தான்டி.”

ஆர்டிஸுக்குக் காது இரைந்தது. பிஷப்புக்கு முன்னால் நிற்கவேண்டிய தட்டு. பத்தொன்பது வருட இடம். ஒரு வண்டிக்காரி ஒரே காலையில் தள்ளிக்கொண்டு போய்விட்டாளே.

புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் இப்படிக் காலியாகாது. காலியாகக் கூடாது. அவளைவிட அது யாருக்குத் தெரியும்? அப்படியானால் எவனோ உளறியிருக்கிறான். சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கை விட்டது யார்? மூன்று தடவை தட்டு எடுத்த ஓர்வில்தானா?

ருசி பார்த்து உறுதி செய்யலாம் என்று போனால் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. ஜோலீன் அந்தத் தட்டைத் தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யார் சொன்னா உனக்கு?” என்றாள் ஆர்டிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எதைங்க?”

“நடிக்காத. புஸ்தகத்துல நான் அதை எழுதவே இல்ல. என் கைப்பக்குவம் இந்த ஊர்ல ஒருத்திக்கும் வரக்கூடாதுன்னு வேணும்னேதான் விட்டேன். ரெண்டு கரண்டி சோம்பு எசன்ஸ். அது எப்படித் தெரிஞ்சது உனக்கு?”

ஜோலீன் குழாயை மூடினாள். நடு மேசையில் காலியாகாமல் கிடந்த ஆர்டிஸின் தட்டைப் பார்த்தாள். பிறகு ஆர்டிஸைப் பார்க்க முடியாமல் தன் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க விட்டதை நானும் விட்டுட்டேங்க.”