ஏறி நிற்க ஒரு தாமரை

இறந்தவர் தாமரையில் ஏறி நின்றுதான் புத்தரின் உலகுக்குப் போவார் என்று, பொன்தாளில் தாமரை மடித்து உடலோடு எரிப்பது அந்தச் சீனக் குடும்பத்தின் வழக்கம். கடைசி நேரத்தில் அல்லாட வேண்டாமே என்று, மாமியார் படுக்கையில் கிடக்கும்போதே மருமகள் யூலான் அடுக்களையில் மடிக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த மும்முரத்தில், தண்ணீர் கேட்டு மாமியார் கூப்பிட்டது காதில் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே வந்து நின்றார்.

“கோயில்ல மடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டாங்கம்மா,” என்றாள் யூலான், மாமியார் வாய் திறக்கும் முன்பே.

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, ஒரு தாமரையைத் தரையில் வைத்து, அதன்மேல் பட்டும் படாமலும் பாதத்தை வைத்துப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் பெரிசா மடிம்மா. கால் வீங்கியிருக்கு, பாரு.”

யூலான் பார்க்கவில்லை. தண்ணீர் மொண்டு நீட்டினாள். டம்ளரெங்கும் அவள் விரல்களின் பொன்துகள்.