முடி இல்லாத டயர்

"டயர்ல முடி எங்கேடா, மோஹா?"

பாஸூ போட்ட கத்தலில் செவ்வாய்ச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

புது டயர் என்றால் மேலெல்லாம் மெல்லிசாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். அட்லஸ் மலையில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சைக்கிளில் வழிகாட்டுகிறவன் பாஸூ. பத்து வருஷமாகச் சைக்கிள் கடை மோஹா டயர் மாட்டிக் கொடுப்பான், இவன் ஏறிப் போவான், அவ்வளவுதான். இன்றைக்கு மராகேஷ்காரன் ஒருத்தனின் புதுச் சைக்கிளைப் பார்த்த பிறகுதான் தன் டயரில் அந்த முடி இல்லையே என்று உறைத்தது.

"புதுசுதான் பாஸூ. முன்னாடி பாறையைப் பிடிக்க மெதுவான ரப்பர், பின்னாடி நாள்பட உழைக்கக் கெட்டி ரப்பர். உனக்குன்னே பார்த்து எடுத்தேன்."

"யாரோ ஓட்டிக் கழிச்சதைப் பார்த்து எடுத்தியா?"

"முடி போனதுக்குக் காரணம்..."

"காரணம் என்ன, உன் பேராசை! குடிச்சுட்டு விழுந்து முழங்கையைத் தேய்ச்சுக்கிறவன் பேச்சை இன்னும் நம்பணுமா?"

மோஹா சட்டைக் கையை இழுத்து முழங்கையில் கட்டியிருந்த துணியை மறைத்துக்கொண்டான். அவன் ஊற்றி வைத்த புதினா டீயைத் தொடாமலே பாஸூ எழுந்து போனான். அந்த ஊரில் அதைவிடக் கேவலம் மோஹாவுக்கு வேறு வேண்டாம்.

பாஸூவின் வாய் அதோடு நின்றதா? மற்ற வழிகாட்டிகளிடமும் சொல்லித் தீர்த்தான். ஒரே மாதத்தில் மோஹா ஈ ஓட்ட ஆரம்பித்தான்.

பாஸூ மராகேஷ் போய் அதே ரக டயரை முடியோடு வாங்கி மாட்டினான். மறுநாள் காலை, முதல் வளைவு, ஈரப் பாறை. சர்ரென்று வழுக்கித் தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போனது.

அதே டயர்தானே! மோஹா மாட்டினால் மட்டும் எப்படி வழுக்காமல் இருந்தது? படுக்கையில் யோசித்து யோசித்துத் தலை கனத்ததுதான் மிச்சம். வெட்கத்தை விட்டு, கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு மோஹாவின் கடைக்குப் போனான்.

கடை பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் மோஹாவின் மனைவி இத்தோ சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமே என்று பாஸூவுக்கு மனசு குத்தியது.

"மோஹா எங்கேம்மா?"

"அகாதிர் துறைமுகத்துல மீன் கூடை தூக்குறாரு, அண்ணே. நாளைக்கு நானும் கிளம்பறேன்."

உள்ளே போய் இரண்டு டயர்களை எடுத்து வந்தாள்.

"கடைசியா உங்களுக்குன்னு வெச்சுட்டுப் போனாரு."

பாஸூ ஒரு கையால் தடவிப் பார்த்தான். முடி இல்லை.

"புது டயர்ல ஒரு வழவழப்பு இருக்கும், அண்ணே. ஓட்டித் தேய்ச்சு அது போனாத்தான் பாறையைப் பிடிக்கும். உங்ககிட்ட சொன்னா நானே பழக்கிக்கிறேன்னு கிளம்பிடுவீங்கன்னு, விடியும்போதே மலைப்பாதையோட அந்த முதல் வளைவுல அவரே ஓட்டிப் பழக்கிட்டு வருவாரு."

இத்தோ மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அவர் குடிச்சு நீங்க என்னைக்கு அண்ணே பார்த்தீங்க? நீங்க விழ வேண்டியதை எல்லாம் பத்து வருஷமா அவர்தான் விழுந்துக்கிட்டிருந்தாரு."