கியர் மாறும்போது ஒரு சத்தம்

"கேட்டியா? இப்பவும் 'டங்'குங்கறது பார்," என்றார் சுப்பராமன். "கியர்பாக்ஸ் போன வண்டியை என் தலையில கட்டிட்டான்ப்பா."

மந்தைவெளியில் இனாயத்தின் பட்டறை வாசல். ரிவர்ஸில் இருந்த காரை மறுபடியும் டிரைவுக்கு மாற்றிக் காட்டினார். வண்டி லேசாகக் குலுங்க, எங்கிருந்தோ கனமாக அந்தச் சத்தம் வந்தது.

"இருங்க சார். ஆட்டோமேட்டிக் வண்டி. கியர்பாக்ஸ்னு சொல்லிட்டா பெரிய வேலை. பார்க்காம எப்டி சொல்றது?" இனாயத் பானெட்டைத் திறந்தான்.

சுப்பராமனுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது. மனைவி அபயாம்பாள் போன வருஷம் தவறிய பிறகு, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவில் தனியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

ஒரே மகன் அனிருத் டொரான்டோவில் இருக்கிறான். அம்மாவின் காரியங்கள் முடிந்ததும் அஸ்தியோடு காசிக்குக் கிளம்பியவன், அங்கே கரைத்தாயிற்று என்று போனில் சொல்லிவிட்டு அப்படியே விமானம் ஏறிவிட்டான். ஒரு கங்கைச் சொம்புகூட அப்பாவுக்கு அனுப்பி வைக்கத் தோன்றவில்லை. அதனால் என்ன, அவனுக்கு என்ன அவசரமோ.

இந்தக் காரைப் பார்த்துக் கொடுத்ததும் அனிருத்தான். அங்கே அவனோடு வேலை பார்க்கும் கிரீஷின் அப்பாவுடைய வண்டி. அவரும் போன வருஷம் அபயாம்பாள் போன அதே வாரம்தான் காலமானார், தி.நகர் வீட்டு ஷெட்டில் அது அப்படியே நின்றிருந்தது. போன மாதம் வந்து வீட்டைக் காலி செய்த கிரீஷ், "அப்பா பூ மாதிரி வச்சுண்டிருந்த வண்டி மாமா" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான்.

"பூ மாதிரியாம்," என்று முணுமுணுத்தார் சுப்பராமன்.

இனாயத் ஆயிலைத் தொட்டுப் பார்த்தான். கம்பியை வைத்து, எஞ்சினைத் தாங்கும் மவுண்டை நெம்பிப் பார்த்தான். பிறகு அடியில் படுத்து டார்ச் அடித்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஆயில் சுத்தமா கீது சார். மவுண்டும் கெட்டியாத்தான் கீது. நீங்க ஓட்டுங்க, நான் பின் சீட்ல குந்திக்கிறேன்."

தெருமுனை வரை போனார்கள். வேகத்தடையில் சுப்பராமன் பிரேக்கை அழுத்தியதும், டங்.

"திருப்பிக்கங்க சார்," என்றான் இனாயத். "இது கியர்பாக்ஸே இல்ல. சத்தம் என் முதுகுக்குப் பின்னாடி வருது."

பட்டறைக்குத் திரும்பி டிக்கியைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. தரை விரிப்பைத் தூக்கினான். ஸ்டெப்னி டயரின் நடுக்குழியில் ஒரு செப்புச் சொம்பு சாய்ந்து கிடந்தது. அதன் வாயைப் பழுப்பேறிய வெள்ளைத் துணியால் இறுகக் கட்டியிருந்தார்கள்.

"இதாங்க சார் ஆடிக்கினு கீது," என்று கையை நீட்டினான்.

"தொடாதே."

அந்தக் குரல் சுப்பராமனுக்கே புதிதாக இருந்தது. பெசன்ட் நகர் சுடுகாட்டில் இதே போல ஒரு சொம்பை, இதே போலத் துணி கட்டி, அவர் கையாலேயே அனிருத்திடம் கொடுத்திருக்கிறார்.

"இன்னா சார் அது?"

"அஸ்திப்பா. இந்த வண்டி வச்சிருந்தவரோடது."

இனாயத் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பட்டறைக்குள் போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தான்.

கியர்பாக்ஸ் போயிருந்தாலே தேவலை என்று இருந்தது சுப்பராமனுக்கு. செல்போனை எடுத்து கிரீஷைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ மாமா. வண்டி எப்படி ஓடறது?"

"வண்டி நன்னா ஓடறது. டிக்கியில உங்கப்பா இருக்கார்."

 கிரீஷின் குரல் இறங்கிப்போனது.

"போன வருஷம் காசிக்கு எடுத்துண்டு போகணும்னுதான் வச்சிருந்தேன் மாமா. லீவு நீட்டிக்க முடியலை. சாயாம இருக்கட்டுமேன்னு ஸ்டெப்னி நடுவுல வச்சுட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினேன். அப்புறம்... மறந்தே போயிடுத்து."

"மறக்கறதுக்கு அது என்ன குடையா?"

"மாமா, ப்ளீஸ். நீங்க மயிலாப்பூர்தானே. பக்கத்துல கடல்லயே..."

"நான் கரைக்கணுமா? பெத்த பிள்ளை நீ குத்துக்கல்லாட்டம் இருக்கே, நான் கரைக்கணுமா?" சுப்பராமன் காரைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாள் இருட்டுல உருண்டுண்டு கிடந்திருக்கார்டா உங்கப்பா. மூட்டை முடிச்சு மாதிரி வித்துட்டுப் போயிருக்கே. நன்னா இருக்குமா உனக்கு?"

சுப்பராமன் நிறுத்தவில்லை.

"அதே ஆபீஸ்லதானே என் பிள்ளையும் இருக்கான்? அவனுக்கு மட்டும் லீவு கொட்டிக் கிடந்துதா? அம்மாவை மடியில வச்சுண்டு காசி வரைக்கும் போனான்டா அவன். பிள்ளைன்னா எப்படி இருக்கணும்னு அவன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கோ."

"மாமா, அனிருத் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"அவன் என்னத்தைச் சொல்லணும்?"

கிரீஷ் மெதுவாகச் சொன்னான்.

"காசி டிக்கெட்டை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாமா கேன்சல் பண்ணினோம்."